மேல் பல்

கொடைக்கானல்
6-7-1936

அன்புள்ள மதினிக்கு,

பத்திரமாக மலை ஏறி வந்து சேர்ந்தேன். பழனியில் ரயில் ஏறும்போது அண்ணன் கையில் திணித்த பஞ்சாமிர்த டப்பா, கொடை ரோட்டில் பஸ்ஸுக்கு மாறும்போது கவிழ்ந்து என் வெள்ளைச் சேலையெல்லாம் பிசுபிசுத்துப் போயிற்று. மலை ஏறி முடிக்கிறவரை ஈக்கள் என்னோடு வந்தன. இனிமேல் எதுவும் கட்டித் தர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேரில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். குப்பம்மாளை அடுத்த வருஷம் ஜூனில், ஆறு வயது ஆனதும், இங்கே மிஷன் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் சேர்க்கப் போகிறேன். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடம்தான் அது. அவள் அப்பா பாச்சலூர் காப்பித் தோட்டத்தில் மலைக்காய்ச்சலில் போனபோது அவள் எட்டு மாதக் குழந்தை. அன்று எனக்கு வேறு போக்கில்லை, உங்கள் கையில் கொடுத்துவிட்டு நர்சு வேலை படிக்கப் போனேன். இன்று போக்கு இருக்கிறது. என் பிள்ளையை நானே வளர்க்க முடியும். இத்தனை வருஷம் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன்.

போர்டிங்கில் ஒரே ஒரு கண்டிப்பு, பல். மே மாதச் சீசனில் மதராசிலிருந்து பல் டாக்டர் வருவார். சேர வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வார். சொத்தைப் பல் உள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல்வலியில் அழுகிற ஒரு பிள்ளை விடுதியையே தூங்க விடாது என்று முன்னால் பட்டுத் தெரிந்துகொண்டார்களாம். வலி வந்த பிறகு ஓடுவதைவிட வராமலே காப்பதுதான் அந்த டாக்டருக்கு வேதம்.

நான் வந்தபோது குப்புவின் வாயைத் திறந்து பார்த்தேன். "மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குறியே" என்று முகம் சுளித்தீர்கள். நல்ல வெள்ளைப் பற்கள், ஒரு குறையும் இல்லை. அப்படியே என்னிடம் ஒப்படைக்க வேண்டும். இத்துடன் ஒரு பிரஷ்ஷும் ரோஸ் நிறப் பல்பொடியும் அனுப்பியிருக்கிறேன். வெள்ளனே ஒருமுறை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை. உமிக்கரி கூடாது. பஞ்சாமிர்தக் கடை வீட்டில் இனிப்பைத் தொடாதே என்றால் நடக்காது, எனக்கும் தெரியும். அந்திக்கு மேல் தராமலாவது இருங்கள்.

சண்முகசுந்தரி


பழனி அடிவாரம்
20-8-1936

சுந்தரிக்கு,

ஆடிக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் பேனாவைத் தொட முடிந்தது. உன் அண்ணனுக்குப் பிசைந்து பிசைந்து கை சிவந்து கிடக்கிறது. உன் சேலை வீணானதைக் கேட்டு வருத்தப்பட்டார். எனக்கு அவ்வளவாக இல்லை.

நீ அனுப்பிய பிரஷ்ஷை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பன்றி மயிர் என்றார். பஞ்சாமிர்தத்துக்குப் பழம் உரிக்கிற வீட்டுக்குள் அதை எங்கே வைப்பது? கிணற்றடியில் வைத்தேன். குப்பு அதை எடுத்துப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பல் விளக்கிவிட்டாள். ஆட்டுக்குட்டியைப் போர்டிங்கில் எடுப்பார்கள் என்றால் அது தயாராக இருக்கிறது.

நன்றி சொல்லிவிட்டாய். கணக்குத் தீர்ந்தது என்கிறாய். சரி. நீ அவளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த அன்று அவளுக்கு மேலே இரண்டு பல், கீழே ஒன்றும் இல்லை. மேல் பல் முதலில் முளைத்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று இந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. உனக்கும் தெரியும், தெரிந்துதான் துணியால் வாயை மூடிக் கொண்டுவந்தாய். அவள் தாய்மாமன் யார்? என் கழுத்தில் தாலி கட்டியவர். கடை முன்னால் நின்று, "ஏலே மயில்சாமி, அதை வெரசா அவ அப்பன் வீட்டுப் பக்கம் தள்ளிவிடு, இல்லாட்டி ஒன் சோலி முடிஞ்சுரும்" என்று சொன்னவர்கள் இன்றைக்கும் நம் கடையில்தான் வாங்குகிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, இருந்தது புருஷன் ஒருத்தர். அவரை ஒரு தட்டில் வைத்து, உன் பிள்ளையை இன்னொரு தட்டில் வைத்து, பிள்ளையை எடுத்துக்கொண்டேன். இப்போதும் ராத்திரி அவர் இருமினால் எழுந்து விளக்கேற்றி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். இதற்கெல்லாம் உன் நன்றி எந்த மூலைக்கு வரும் என்று நீயே பார்த்துக்கொள்.

போகட்டும். நீ பெற்றவள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எத்தனை பல் கெட்டால் சேர்க்க மாட்டார்கள்? முன்பல்லா, கடைவாய்ப் பல்லா? எதனால் கெடுகிறது? விவரமாக எழுதினால் அதற்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்வேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ படித்தவள்.

பிச்சையம்மாள்


கொடைக்கானல்
11-9-1936

அன்புள்ள மதினிக்கு,

முதல்முறையாக நீங்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். மேல் பல் கதைக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அண்ணன் கல்லுப் போலத் திடமாக இருக்கிறார். பல்லுக்கும் மாமனுக்கும் முடிச்சுப் போடுகிற பேச்சை இங்கே சொன்னால் சிரிப்பார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முன்பல் ஒன்று கெட்டாலே போதும். டாக்டர் முதலில் மேல் உதட்டைத் தூக்கித்தான் பார்ப்பார். அங்கே கறுப்போ குழியோ தெரிந்தால் அதற்கு மேல் பார்க்கவே மாட்டார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்.

பகலில் தின்கிற இனிப்பை எச்சில் கழுவிவிடும். தூங்கும்போது எச்சில் ஊறாது. வாயில் இனிப்போடு பிள்ளை தூங்கினால் அது விடிகிறவரை பல்லிலேயே தங்கி அதை அரித்துவிடும். இருப்பதிலேயே மோசம் கல்கண்டு. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே அடக்கி வைத்தால் வெகு நேரம் கரையாமல் கிடக்கும். பாலுக்கு அழுகிற பிள்ளையைக் கல்கண்டு கொடுத்துத் தூங்க வைத்தாளாம் ஒரு தோட்டக்காரி. ஒரு வருஷம் முடியவில்லை, மேல் வரிசை முன்பற்கள் வேரோடு கறுத்து முளை முளையாக நின்றன. டாக்டர் அந்தப் பிள்ளையை எங்களுக்கு நிற்க வைத்துக் காட்டினார்.

பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் சீழ் பிடித்தால் முகம் வீங்கும், உயிருக்கே ஆபத்து. இந்தக் கடிதத்தை அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்துப் படியுங்கள். பிரஷ்ஷைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் எந்தத் தீட்டும் நிற்காது.

சண்முகசுந்தரி


பழனி அடிவாரம்
24-11-1936

சுந்தரிக்கு,

உன் கடிதத்தை மாவுப் பசை போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டேன். அடுப்புப் புகை படாத இடமாகப் பார்த்துத்தான் ஒட்டினேன். தினமும் விளக்கேற்றின கையோடு ஒருமுறை படிக்கிறேன். நீ எழுதினதில் ஒரு வரி விடாமல் மனதில் நிற்கிறது.

ராத்திரி அவள் வாய் என் பொறுப்பு. நானே பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண் அசந்து தூங்குகிறவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். முன்பெல்லாம் படுக்கையில் புரண்டு கதை கேட்டுத் தொல்லை பண்ணுவாள். இப்போது சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். உன் அண்ணனுக்குக் கூட ஆச்சரியம்.

தீபாவளிக்குச் சிவப்புப் பாவாடை எடுத்தேன். "இதை மலைக்கும் கொண்டுபோகலாமா அத்தை? மாமா அங்க வருவாகளா? நீங்க வருவீங்களா?" என்று கேட்டாள். அங்கே அம்மா இருக்கிறாள் என்றேன். "அம்மா யாரு, பல்லைப் பாத்துச்சே அதுவா?" என்றாள். பிள்ளைகள் பேச்சை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அங்கே நாங்கள் வந்து பார்க்கலாமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுவார்கள் என்று எழுது.

பிச்சையம்மாள்


கொடைக்கானல்
17-1-1937

அன்புள்ள மதினிக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. இரவு முறை வேலை எனக்கு விழுந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி நடப்பதைக் கேட்டு நிம்மதி. உங்களை நான் கொஞ்சம் தப்பாக நினைத்திருந்தேன்.

பார்க்க வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனம் கசந்தாலும் சொல்லிவிடுவது நல்லது. முதல் வருஷம் நீங்கள் வரவே வேண்டாம். பழைய வீட்டு மனிதர்களைப் பார்த்தால் பிள்ளைகள் ஏங்கிப் போய்விடுகிறார்கள், ஒன்றும் தங்குவதில்லை என்று விடுதி அம்மா சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், வந்து வந்து பார்ப்பது அதற்குப் பிறகும் தேவையில்லை. அவள் பழனியை மறந்தால்தான் எனக்குப் பிள்ளையாவாள். பல்லைப் பார்த்த பொம்பளை என்று என்னைச் சொன்னாளாமே. அதை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம்.

பேரையும் மாற்றிச் சேர்க்கப் போகிறேன். குப்பம்மாள் என்றால் மற்றப் பிள்ளைகள் குப்பைத்தொட்டி என்று கூப்பிடும். பிரேமா என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீல கவுன் ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் பெண்ணின் பற்களைப் பார்த்து டாக்டரே மெச்சப் போகிறார் என்று. பங்குனியில் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

சண்முகசுந்தரி


பழனி அடிவாரம்
14-3-1937

சுந்தரிக்கு,

பங்குனியில் வராதே. குப்புவுக்கு அம்மை வார்த்திருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. ஆஸ்பத்திரிச் சேலையோடு நீ வந்தால் அம்மனுக்கு ஆகாது. லேசாகத்தான் வார்த்திருக்கிறது, பயப்படாதே. மே மாதம் உன் அண்ணனே கூட்டி வருவார்.

பிரேமா என்ற பேரை நான் குப்புவிடம் சொன்னேன். "அது யாரு?" என்றாள். அவளுக்கு முன்னால் உனக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை, இதையாவது எமன் குப்பையென்று விட்டுப் போகட்டும் என்று உன் புருஷன் வைத்த பேர் இது. அவர் நினைவாக மிச்சம் இருந்ததும் இந்தப் பேர்தான். நீ படித்தவள், உனக்குத் தெரியாததா.

பிச்சையம்மாள்


கொடைக்கானல்
19-5-1937

மதினிக்கு,

அண்ணன் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு நேற்று பஸ் ஏறிவிட்டார். இந்தக் கடிதம் வருவதற்குள் அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள்.

நடந்ததை அண்ணன் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். நீல கவுனைப் போட்டு வரிசையில் முதலில் நிறுத்தினேன். முதலில் நிறுத்தியது என் அகங்காரம். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். டாக்டர் மேல் உதட்டைத் தூக்கினார். நாலு பல் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கறுப்பு முளை. அந்தத் தோட்டக்காரி பிள்ளைக்கு இருந்த அதே வாய். அவர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். குப்பு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எல்லோரும் பார்த்தார்கள்.

நீங்கள் பொய்க்காரி என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லக் கூடப் புத்தி வேண்டும். சுவரில் ஒட்டி வைத்துப் படித்தும் உங்கள் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். பிள்ளை பெற்றிருந்தால் அதன் அருமை தெரிந்திருக்கும். காய்க்காத மரத்தடியில் கொண்டுபோய் என் பிள்ளையைப் போட்டேன், அது என் தப்பு. அடுத்த மே மாதத்துக்குள் பற்கள் விழுந்து முளைத்தால் மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

சண்முகசுந்தரி


பழனி அடிவாரம்
10-6-1937

சுந்தரிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். என்னை நீ என்னவெல்லாம் சொன்னாயோ அதையெல்லாம் இந்தத் தெரு எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷத்திலேயே சொல்லி முடித்துவிட்டது. நீ கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறாய்.

குப்பு நன்றாக இருக்கிறாள். ரயிலிலிருந்து இறங்கி நேரே ஆட்டுக்குட்டியிடம் ஓடினாள். உன் நீல கவுனை அதற்குப் போட்டுப் பார்த்தோம், கொஞ்சம் இறுக்கம். போர்டிங் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. பல் கறுத்த பிள்ளை யாருக்கும் வேண்டாம் என்றால் எனக்கு வேண்டும். பால்பல்தானே, விழும், முளைக்கும். அவசரமே இல்லை.

நீ அங்கே ஊரார் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக்கொண்டு சுகமாக இரு. உன் அண்ணன் பஞ்சாமிர்தம் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம், அவள் சேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

பிச்சையம்மாள்


பழனி அடிவாரம்
8-9-1937

சுந்தரி,

குப்புவின் முகம் வீங்கிக் கிடக்கிறது. முதலில் மூக்குப் பக்கம்தான் இருந்தது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தேன், மஞ்சள் பற்றுப் போட்டேன். வைத்தியர் மேல் பல்லைத் தொட்டால் கண் போய்விடும் என்று கையை எடுத்துவிட்டார். இன்றைக்கு வெள்ளனே பார்த்தால் ஒரு கண் மூடிவிட்டது. உடம்பு கொதிக்கிறது. "அத்தை, வலிக்குது" என்று கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள், என் சேலையைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடக்கிறாள்.

உன் அண்ணன் தூக்கிக்கொண்டு வருகிறார். நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்தா அவ ஆஸ்பத்திரி வாசல்லயே சண்டைக்கு நிப்பா, பிள்ளையை யாரு பாக்குறது" என்றார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவளைக் காப்பாற்று.

பிச்சையம்மாள்


கொடைக்கானல்
3-10-1937

மதினிக்கு,

பிழைத்துவிட்டாள். அண்ணன் சொல்லியிருப்பார். அவர் பார்க்காததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

பல் டாக்டர் சீசனுக்குத்தான் வருவார், அதனால் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்தான் பிடுங்கினார். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. அண்ணன் வெளியே போய்விட்டார். கைகளை ஒருத்தி பிடித்தாள், கால்களை ஒருத்தி பிடித்தாள், தலையை நான் பிடித்தேன். என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அவள் தலை. மேல் வரிசை முன்பற்கள் நாலும் போய்விட்டன. கத்தும்போது அவள் அம்மா என்று கூப்பிடவில்லை.

கீழ்ப் பற்களைப் பார்த்த டாக்டர் வியந்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. தூங்கும்போது நாக்கு அவற்றை மறைத்துவிடுமாம். மேலே மட்டும் இப்படிப் போக வேண்டுமென்றால், இந்தப் பிள்ளையை யாரோ மாதக்கணக்கில் உதட்டுக்குள் இனிப்பு வைத்துத் தூங்கவிட்டிருக்க வேண்டும் என்றார். உடனே எனக்கு உங்கள் அடுக்களைச் சுவரில் ஒட்டின என் கடிதம் நினைவுக்கு வந்தது மதினி. உங்களுக்குப் புத்தி இல்லை என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எப்படிக் கெடும் என்று நான்தான் எழுதினேன். நீங்கள் ஒரு வரி விடாமல் செய்தீர்கள்.

காய்ச்சல் விட்டதும் குப்புவைக் கேட்டேன். "அத்தை ஒண்ணும் செய்யல. நாந்தான் கல்கண்டு டப்பாவைத் தெறந்து எடுத்து வெச்சுக்கிட்டேன். பல்லு கறுத்தா அத்தைகிட்டயே இருக்கலாம்ல" என்றாள். டப்பா இருக்கிற பரண் அவளுக்கு எட்டாது. வாயெல்லாம் புண்ணாக இருக்கும்போதும் உங்களுக்காக என்னிடம் பொய் சொல்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் நானும் ஒன்று சொன்னேன். "ஒன் பல்லையெல்லாம் புடுங்கச் சொன்னதே அத்தைதான். கடுதாசி எழுதி மாமா கையில குடுத்துவிட்டாக, நீ பார்த்தேல்ல" என்றேன். உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குக் கீழே நீங்கள் போடுகிற சுழியை மட்டும் அடையாளம் தெரிந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்னொரு செய்தி. போர்டிங்கில் சேர்த்துவிட்டேன். விதி சொத்தைப் பல்லுக்குத்தான், பல் இல்லாததற்கு இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பேர் பிரேமா.

பல்பொடி டப்பாவில் நாலு பல்லையும் போட்டு அனுப்புகிறேன். சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிவீர்களே, எறியுங்கள். அத்தனையும் மேல் பல். இனி அண்ணன் இருமினால் நீங்கள் பயப்பட வேண்டாம்.

சண்முகசுந்தரி


கொடைக்கானல்
12-12-1937

மதினிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இதற்குப் பதில் வேண்டும்.

குப்பு பேசுவதில்லை. என்னிடம் மட்டும் இல்லை, யாரிடமும் பேசுவதில்லை. முதலில் வாய்ப் புண் என்று நினைத்தோம், அது ஆறி வெகு நாளாகிறது. பிரேமா என்றாலும் திரும்புவதில்லை, குப்பு என்றாலும் திரும்புவதில்லை. கஞ்சியைக் கிண்ணத்தோடு வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போனால் குடிக்கிறாள். ஆள் பார்க்க வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். பல் விளக்குகிற நேரத்தில் மற்றப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, இவள் உதட்டை உள்ளே மடக்கிக் கடித்துக்கொண்டு தூணோடு நிற்கிறாள். விடுதி அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டார்கள். தை பிறந்ததும் வேறு இடம் பார் என்கிறார்கள். நான் வேலைக்குப் போய்விட்டால் அவளை யார் பார்ப்பது?

நான் சொன்னதுதான் காரணம். எனக்குத் தெரியும். அவளிடம் நான் பொய் சொன்னேன் என்று நானே சொல்லிப் பார்க்கலாம் என்று பக்கத்தில் போய் உட்காருவேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். சொன்னாலும் நம்புவாளா?

நீங்கள் வாருங்கள். மலைக் குளிருக்குக் கம்பளி நான் எடுத்து வைக்கிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கு நானே வருகிறேன். கல்கண்டு பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பிடுங்கச் சொல்லவில்லை கண்ணு என்று ஒருமுறை சொன்னால் போதும். காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

சண்முகசுந்தரி


பழனி அடிவாரம்
6-1-1938

சுந்தரிக்கு,

டப்பா வந்து சேர்ந்தது. சாணி உருட்டி நானே எறிந்தேன். மூன்று ஓட்டின்மேல் தங்கிவிட்டன, ஒன்று சறுக்கித் திரும்பி என் காலடியிலேயே வந்து விழுந்தது. அதை மறுபடி எறிய மனம் வரவில்லை, முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். உன் அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். பல்லை எறிந்த பிறகும் இருமுகிறார், நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நீ சரியாகத்தான் கண்டுபிடித்தாய். முதல் நாள் நான்தான் வைத்தேன். துப்பிவிட்டாள். எதற்கென்று கேட்டாள், சொன்னேன். அன்றிலிருந்து அவளே பரணைக் காட்டிக் கேட்டு வாங்கினாள், கரைகிறவரை நாக்கால் தொடாமல் அடக்கி வைத்திருந்தாள். உனக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் நினைத்தேன், உன்னிடம் போகக் கூடாது என்று அவள் நினைத்தாள். சீழ் பிடிக்கும், உயிருக்கு ஆபத்து என்று நீ எழுதின வரியும் அதே சுவரில்தான் இருந்தது. அதையும் தினம் படித்தேன். எங்கள் பிள்ளைக்கு அப்படி ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். என் பாவம் இவ்வளவுதான், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

வருகிறேன். துணியைக் கட்டி வைத்துவிட்டேன். ஆனால் வந்து என்ன சொல்ல வேண்டும் என்பதை நீ யோசித்து எழுது. நான் பிடுங்கச் சொல்லவில்லை என்று சொன்னால் அவள் பேசுவாள், எனக்குத் தெரியும். பேசினால் முதலில், அப்ப யார் பொய் சொன்னது என்று கேட்பாள். அவள் தலையை அழுத்திப் பிடித்த கை உன்னுடையது. பொய்யும் உன்னுடையது என்று தெரிந்துவிட்டால், இந்த ஜென்மத்தில் உன்னிடம் வாயைத் திறக்க மாட்டாள். என்னோடுதான் புறப்படுவாள். நான் வராமல் இருந்தால், அவளைக் கொடுமைப்படுத்தியது அத்தை என்றே அவள் மனதில் இருக்கும். நாளாக நாளாக அழுது, மறந்து, உன் சேலையைப் பிடிப்பாள். பிடிக்காமலும் போகலாம். அதற்குள் அவள் உடம்பு தாங்குமா என்று பெற்ற நீயே பார்த்துச் சொல்.

நம் இரண்டு பேரில் ஒருத்தியை அவள் வெறுக்கத்தான் வேண்டும். எவளை என்று எழுது. போன தடவை மாதிரியே, நீ எழுதினபடி ஒரு வரி விடாமல் செய்வேன்.

பிச்சையம்மாள்


கொடைக்கானல்
2-2-1938

மதினிக்கு,

வர வேண்டாம்.

விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். என் அறையிலேயே வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். இன்னும் பேசவில்லை.

நேற்று அவள் தூங்கும்போது விளக்கைப் பிடித்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேலே ஒரு பல் வெள்ளையாக அரும்பியிருக்கிறது. கீழே ஒன்று கூட இன்னும் ஆடவில்லை. இந்தத் தடவையும் மேல் பல்தான் முதலில் வருகிறது.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

சண்முகசுந்தரி